ஹெட்கிளார்க் குருசாமி படித்துக்கொண்டிருந்த நாவல்

"இப்ப என்ன புத்தகம் படிச்சிட்டிருக்கீங்க?"

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்த ஹெட்கிளார்க் குருசாமிக்குப் பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. அவருடைய சர்வீஸில் அதிகாரிகள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஃபைல் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பத்துப் பக்கம் போனால் ஒரு கூடை திராட்சை கொண்டுவர முடியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இந்தக் கேள்விக்கு இல்லை.

கேட்டவர் புதிய அதிகாரி ஞானசிகாமணி. தேனிக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

அது எந்த இலாகா ஆபீஸ் என்று சொல்வதற்கில்லை. அதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாயங்காலமானால் பெட்டிக்கடை வாசலில் நின்று நாட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு அலையவேண்டியிருந்த எழுபதுகளில் நடந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று குருசாமிக்கு முன்பே தெரியும். ஜூனியர் கிளார்க் செல்லப்பாண்டி சனிக்கிழமையே துப்புக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, புது ஆபீசர் திங்கக்கெழமையானா ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, இப்ப என்ன பொஸ்தகம் படிக்கிறீகன்னு கேப்பாகளாம். போன ஊர்ல ரெண்டு கிளார்க்க மலைக்குத் தூக்கி அடிச்சுட்டாகளாம்."

"எதுக்குலே?"

"வேற எதுக்கு? பொஸ்தகம் படிக்காம இருந்திருப்பாக."

மலை என்றால் மேல்மலைப் பிரிவு. அந்த இலாகாவில் வேலை பார்த்த எவரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். பஸ் கிடையாது. எஸ்டேட் லாரி மனது வைத்தால் ஏறலாம், இறங்கலாம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து ஃபைலை நனைத்துவிட்டுப் போகும். அட்டை கடித்த இடத்தைச் சொறிவதுதான் பொழுதுபோக்கு. போனவர்கள் திரும்பி வந்து அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, ஏனென்றால் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

குருசாமிக்கு மலைக்குப் போகவே முடியாத காரணம் ஒன்று இருந்தது. அல்லிநகரத்துக்குப் பின்பக்கம் அவர் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டிலேயே தலை நரைத்த மனுசன். அஸ்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, ஜன்னல் போடும் உயரத்துக்கு வந்து நின்றிருந்தது. கொத்தனார் ஒச்சாண்டி நல்ல வேலைக்காரர்தான். ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் செங்கல் வைப்பார். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினால் வேப்பமரத்தடிக்குப் போய் வெற்றிலை போடுவார். குருசாமி மலைக்குப் போனால் அந்தச் சுவர் அப்படியே நிற்கும், ஆடு வந்து மேலே ஏறி நின்று ஊரை வேடிக்கை பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் ஏதாவது ஒரு புத்தகத்தின் அட்டையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இருந்தார். சிமெண்டுப் பர்மிட்டுக்காக ஒருவரைப் பார்க்கப் போனதில் அது தவறிவிட்டது.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"நாவல் சார்" என்றார் குருசாமி.

"நாவலா! பேரு?"

காலையில் ஒச்சாண்டி சொன்னதுதான் அவருடைய மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. 'அய்யா, ஜன்னல் மட்டத்துல நிக்குது. இனிமே ஜன்னல் நெலை வந்தாத்தான் ஆச்சு.'

"ஜன்னல் மட்டம்" என்றார் குருசாமி.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "ஜன்னல் மட்டம்... அடடா. ஆழமான தலைப்பு. எழுதினது யாரு?"

"ஒச்சாண்டி."

"கேள்விப்பட்டதில்லையே?"

"புது ஆளு சார். இந்தப் பக்கத்துக்காரர். வேலை சுத்தமா இருக்கும்."

"சரி, கதை என்ன?"

குருசாமி சொல்ல ஆரம்பித்தார். ஒருவன் வீடு கட்டுகிறான். சுவர் பாதியில் நிற்கிறது. ஜன்னல் இல்லாத அந்தச் சுவருக்கு மேலே பார்த்தால் அடுத்த வீட்டுக் கொல்லை தெரிகிறது. கொல்லையில் ஒரு பெண் துணி காயப்போடுகிறாள். பெயர் மலையம்மாள். சுவர் எழும்பிவிட்டால் அவளைப் பார்க்க முடியாதே என்று அவன் வேண்டுமென்றே வேலையை நிறுத்திவைக்கிறான்.

சொல்லி முடித்ததும் குருசாமிக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. கேஷுவல் லீவ் விண்ணப்பத்தைத் தவிர அவர் கற்பனையாக எதுவும் எழுதியதில்லை.

"அப்புறம்?" அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"அதுவரைக்குந்தான் சார் படிச்சிருக்கேன்."

"நல்லது. அவசரமே வேண்டாம். ஒரு நல்ல இடத்துல நிறுத்தணும். மீதியை அடுத்த திங்கட்கிழமை சொல்லுங்க."

அன்று மற்றவர்களும் வரிசையாக உள்ளே போனார்கள். டைப்பிஸ்ட் ஜெபராணி ஜெபப் புத்தகம் படிப்பதாகச் சொன்னாள். "அதுல கதை வருமா?" என்று அதிகாரி கேட்டார். வராது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்லப்பாண்டி ராசிபலன் என்றான். அதற்கு ஒரு "ம்" மட்டும் கிடைத்தது. அந்த "ம்" அவன் காதில் எஸ்டேட் லாரியின் ஹாரன் மாதிரி விழுந்தது. கடைசியாகப் பியூன் சுருளியாண்டி, "பொஸ்தகத்தைத் தொட்டா எனக்குத் தும்மல் வருங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைத்தான்.

"இவனுக்கு மலைதான்" என்றாள் ஜெபராணி, இரக்கத்தோடு.

*

அடுத்த அத்தியாயத்துக்காகக் குருசாமி வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். கொத்தனாரை மேற்பார்வை பார்க்கவேண்டிய நேரத்தில் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு இன்னும் மோட்டுவளை வரவில்லை என்பதால் வானத்தைத்தான் பார்க்கமுடிந்தது.

"என்ன, காலையில இருந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீக?" என்றாள் மனைவி சண்முகத்தாய்.

"ஒரு பொண்ணு வீட்டைவிட்டு ஓடிப் போகணும். எப்படிப் போவா?"

சண்முகத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்ட பிறகுதான் இடுப்பில் வைத்த கையை எடுத்தாள். "எப்படிப் போவா? எங்க கூடலூர்ச் சித்தப்பா மக போன மாதிரிதான். குமுளி ஜீப்புல ஏறி உக்காந்தா, வீட்டுல சோறு ஆறுறதுக்குள்ள கேரளா."

"பேஷ்!"

"என்னத்த பேஷு? சித்தப்பா காதுக்குப் போச்சுன்னா, கிரகப்பிரவேசத்துக்கு எங்க வீட்டு ஆளு ஒருத்தர் வரமாட்டாக. சொல்லிப்புட்டேன்."

ஆனாலும் திங்கட்கிழமை மலையம்மாள் அரைச் சுவரைத் தாண்டி, கூடலூர் வந்து, குமுளி ஜீப் பக்கத்தில் நின்றாள்.

"ஏறிட்டாளா?" அதிகாரி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கால எடுத்து வச்சுட்டா சார். அந்த நேரம் பாத்துப் பின்னால ஒரு கை வந்து..."

"நிறுத்துங்க!" என்று அதிகாரி கத்தினார். வெளியே ஜெபராணியின் டைப்ரைட்டர்கூட நின்றுவிட்டது. "அங்கேயே நிறுத்துங்க. மத்தக் காலை அடுத்த வாரம் வைக்கட்டும்."

குருசாமி நிம்மதியாக வெளியே வந்தார். அந்த நிம்மதி செல்லப்பாண்டி உள்ளே போய் வரும்வரைதான் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருந்த செல்லப்பாண்டி, மலைப் பயத்தில் ஒரு காரியம் செய்துவிட்டான்.

"நானும் ஜன்னல் மட்டந்தான் சார் படிக்கிறேன். ஹெட்கிளார்க் அண்ணன் குடுத்தாக."

"அப்படியா! அதுல உங்களுக்கு யாரைப் பிடிச்சுது?"

கதாநாயகியின் பெயர் அவன் காதில் விழவில்லை. "பவுனு சார்" என்றான்.

மணி அடித்தது. குருசாமியை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பவுனுன்னு ஒருத்தி வர்றாளாமே. நீங்க சொல்லவே இல்லையே?"

குருசாமி செல்லப்பாண்டியைப் பார்த்தார். செல்லப்பாண்டி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

"மலையம்மாளோட தங்கச்சி சார். நான் இன்னும் அந்த அத்தியாயத்துக்கு வரல."

"தங்கச்சி! அப்படிப் போடு. ஒரு தங்கச்சி இருந்தா நல்லாருக்குமேன்னு நானே நினைச்சேன்." அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

வெளியே வந்ததும் குருசாமி அவனுடைய சட்டையைப் பிடித்தார். "ஏலே, எவ அவ பவுனு?"

"எம் பொண்டாட்டிண்ணே. வேற பேரு ஒண்ணும் வாயில வரல."

*

அதற்குப் பிறகு நாவல் குருசாமியின் கையில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஜெபராணி உள்ளே போய், தான் 'ஜன்னல் மட்டம்' இரண்டாம் பாகத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். முதல் பாகத்தை மற்ற இருவரும் பிடித்துவைத்துக்கொண்டதால் வேறு வழியில்லை என்றாள். இரண்டாம் பாகத்தில் பவுனுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலயே!" என்று துள்ளினான் செல்லப்பாண்டி. "என்னக்கா இது? எம் பொண்டாட்டி பேர வச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவீக?"

"அத நான் என்னத்தக் கண்டேன்? ஒரு பிள்ளை இருந்தா கதை கனமா இருக்கும்னு போட்டேன்."

"கல்யாணத்த வச்சுட்டுப் பிள்ளையப் போட்டிருக்கலாமுல்ல?"

"சண்ட போடாதீக" என்று குருசாமி கும்பிட்டார். "ரகசியக் கல்யாணம்னு நான் முதல் பாகத்துல சொருகிவிடுறேன்."

இப்படியாக அந்த ஆபீஸில் முதல் தடவையாக எல்லாரும் மும்முரமாக உழைக்க ஆரம்பித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, யாருக்கு யார் மாமன், எவன் எவளைப் பார்த்தான் என்று பேசி முடிவுசெய்யும்போது சாயங்காலம் ஆகிவிடும். மேஜைகளில் ஃபைல்கள் சுவரைவிட வேகமாக எழும்பின. பூண்டு விவகாரமாக ஒரு கையெழுத்துக்காக வடுகபட்டியிலிருந்து நடையாய் நடந்த ராக்கப்பன் என்கிற விவசாயி, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கதைக்குள் விழுந்துவிட்டார்.

"மலையம்மாளோட தாய்மாமங்காரன நம்பாதீக" என்று ஒரு நாள் ஜன்னல் வழியாக எச்சரித்தார். "ஜீப்புக்கிட்ட பின்னால வந்த கை அவன் கைதேன்."

அது நல்ல யோசனையாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அதிகாரி குண்டைத் தூக்கிப் போட்டார். "குருசாமி, அந்தப் புத்தகத்தை நாளைக்குக் கொண்டுவாங்க. ஒரு பார்வை பார்த்துட்டுத் தர்றேன்."

"புத்தகம்... சுண்ணாம்புக் குழிக்குள்ள விழுந்துருச்சு சார்."

"எந்தக் குழி?"

"வீடு கட்டுறேன் சார். குழி ஓரத்துல உக்காந்து படிக்கையில கை நழுவிருச்சு. கரைஞ்சு போச்சு."

"ரெண்டாம் பாகம்?"

"அதை எடுக்கப் போறப்ப அதுவும் விழுந்துருச்சு சார்."

இத்தோடு மலைதான் என்று கண்ணை மூடினார் குருசாமி. ஆனால் அதிகாரி கோபப்படவில்லை. மெதுவாக எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"வேற பிரதி எங்கேயாவது இருக்குமா?"

"இருக்காது சார்."

"கடையில?"

"அம்புட்டும் வித்துப் போச்சு சார்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா சார்."

"படிச்சது ஞாபகம் இருக்கில்ல? அது போதும்." தோளில் தட்டியே கொடுத்தார். ஒரு புத்தகத்தின் அழிவில் இவ்வளவு பெருந்தன்மை காட்டும் வாசகரைக் குருசாமி எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாரியின் ஜீப், சொல்லாமல் கொள்ளாமல் அல்லிநகரத்து மனையில் வந்து நின்றது. சும்மா வீட்டைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். சுண்ணாம்புக் குழியை எட்டிப் பார்த்தார். சண்முகத்தாய்க்கு வந்திருப்பவர் யாரென்று தெரியாது. வேப்பமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய்யா ஒச்சாண்டி! இம்புட்டு நேரமா என்ன வெத்தல? வந்து கரண்டியப் பிடிய்யா!"

குருசாமிக்கு அப்படியே குழிக்குள் குதித்துக் கரைந்துபோகலாமா என்று இருந்தது.

"ஒச்சாண்டியா?" அதிகாரி கொத்தனாரிடம் போனார். "நீங்க புத்தகம் ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"என்னய்யா கேலி பண்றீக? நமக்குக் கைநாட்டு" என்றார் ஒச்சாண்டி.

குருசாமி குறுக்கே பாய்ந்தார். "இவரு வேற ஒச்சாண்டி சார். எழுதுன ஒச்சாண்டி செத்துட்டாரு."

"செத்துட்டாரா!" என்று அதிகாரி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோ... ரொம்ப வருத்தமான விஷயம். பிள்ளைகுட்டி உண்டா?"

"ஒண்டிக்கட்டை சார்."

"சொந்தபந்தம்?"

"யாருமே இல்ல சார்."

அதிகாரி சண்முகத்தாய் கொடுத்த மோரை மடக்கென்று குடித்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தப்பித்தோம் என்று குருசாமி திரும்பினால், ஒச்சாண்டி தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா கெளம்பீட்டே?"

"வீடு கட்டுற கொத்தனார, அந்த வீட்டு வாசல்லயே நின்னு செத்துட்டான்னு சொன்னா வெளங்குமாய்யா? நெலை வைக்கப் போற நேரத்துல இந்தப் பேச்சா? நான் பிள்ளைகுட்டிக்காரன். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லன்னும் சொல்றீக!"

"அது உன்னைய இல்லய்யா, அந்த ஒச்சாண்டிய..."

"எந்த ஒச்சாண்டி? இந்தச் சுத்துப்பட்டுல கொத்தனார் ஒச்சாண்டி நான் ஒருத்தந்தேன்."

அவர் போயேவிட்டார். மறுநாளும் வரவில்லை. வேறு கொத்தனார்களும் வர மறுத்தார்கள். அந்த வீட்டில் வேலை செய்கிறவனைச் செத்ததாகச் சொல்லுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

*

"இந்தக் கதைய முடிச்சுத் தொலைங்க" என்றாள் சண்முகத்தாய். "வீடும் நிக்குது, கொத்தனாரும் போயாச்சு. இல்லாத பொஸ்தகத்துக்கு இம்புட்டுப் பாடா?"

குருசாமிக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாராவாரம் கதை கட்டி எத்தனை நாள் ஓட்டமுடியும்? புத்தகம் படித்து முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு நாவலை முழுசாகப் படித்த மனுசனை யாராவது மலைக்கு அனுப்புவார்களா? செல்லப்பாண்டியையும் ஜெபராணியையும் கூப்பிட்டுப் பேசினார். மூன்று பேரும் ஒரே நாளில் முடித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

"யார் யார மிச்சம் வைக்கலாம்?" என்றாள் ஜெபராணி.

"ஒருத்தரும் வேண்டாம்" என்றார் குருசாமி. "ஒருத்தி மிச்சம் இருந்தாலும் அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பாக."

"பவுனையாவது விட்டு வைங்கண்ணே" என்றான் செல்லப்பாண்டி பரிதாபமாக.

"முடியாது தம்பி."

திங்கட்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். மலையம்மாள், அவள் காதலன், பவுனு, ரகசியப் புருஷன், தாய்மாமன் எல்லாரும் சமாதானமாகி ஒரே ஜீப்பில் குமுளியிலிருந்து திரும்புகிறார்கள். மழை. மலைப்பாதை வளைவு. பிரேக் பிடிக்கவில்லை. குருசாமி தன் வீட்டை நினைத்துக்கொண்டே சொன்னதால் குரல் தானாகவே உடைந்தது.

"எல்லாருமா?" என்றார் அதிகாரி.

"எல்லாரும் சார்."

"குழந்தை?"

ஜெபராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுவுந்தான் சார்."

"கட்டாம விட்ட அந்தச் சுவரு மட்டும் ஊருல மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது சார். அதோட முடிஞ்சிருது" என்றார் குருசாமி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்களிலும் நிஜமாகவே நீர் இருந்தது. வராந்தாவில் ராக்கப்பன் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணாம் பாகம்?"

"எழுத ஆளு இல்லையே சார்."

"ஆமா, ஆமா. பாவம்." அதிகாரி எழுந்து மூன்று பேருக்கும் கைகொடுத்தார். "இந்த மாதிரி முடிவு கிடைக்கிறது கஷ்டம். உங்களை நான் மறக்கமாட்டேன்."

அவர் மறக்கவில்லை. அந்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. குருசாமி, செல்லப்பாண்டி, ஜெபராணி, மூவரும் உடனடியாக மேல்மலைப் பிரிவில் சேரவேண்டும். டைப்ரைட்டரே இல்லாத ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. அதைவிட விளங்காதது சுருளியாண்டிக்கு ஒன்றும் ஆகாததுதான். புத்தகத்தைத் தொட்டால் தும்முகிறவன், மூவரின் பெட்டியையும் லாரியில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போங்க, அட்டை இருக்கும்" என்று புத்திமதி வேறு சொன்னான்.

குருசாமி புறப்படும் முன்பு ஒரு தடவை மனைக்குப் போனார். சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். அழுகை வந்தது, அழுதார். சண்முகத்தாய் பக்கத்தில் நின்றாள்.

எஸ்டேட் லாரி ஏறுகிற வழியெல்லாம் மூன்று பேரும் உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். பிள்ளையைக் கொன்றது தப்பு என்றான் செல்லப்பாண்டி. ரகசியக் கல்யாணம் அதிகாரியின் மனதுக்கு ஒப்பவில்லையோ என்னவோ என்றாள் ஜெபராணி.

மேல்மலைப் பிரிவு ஒரு தகரக்கூரைக் கட்டடம். உள்ளே இரண்டு கிளார்க்குகள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஞானசிகாமணி முன்பு இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களில் அழகர் என்பவன் எழுந்து வந்து மூன்று பேருக்கும் சூடாகப் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. என்ன குத்தம் பண்ணீக?"

"ஒரு குத்தமும் பண்ணல தம்பி" என்று குருசாமி குமுறினார். "திங்கக்கெழமை தவறாம, படிச்ச கதையச் சொன்னோம். குறை வைக்காம முடிச்சும் குடுத்தோம். அந்த மனுசன் கண்ணுல தண்ணியே வந்துச்சு. பொஸ்தகத்தத் தொடாத பயல் அங்கன சொகமா பீடி குடிக்கிறான். படிச்ச எங்கள இங்கன எதுக்கு அனுப்புனாக? அதுதான் எனக்கு வெளங்கல."

அழகர் தன்னுடைய கூட்டாளியைப் பார்த்தான். பிறகு இவர்கள் உட்காருவதற்கு ஒரு சாக்கை விரித்துப் போட்டான்.

"வெளங்காம என்னண்ணே? நம்ம வாயில கேட்ட கதைய அவரு பத்திரிகைக்குத் தொடர்கதையா எழுத ஆரம்பிக்கையில, சொன்ன ஆளு ஒருத்தரும் கீழ இருக்கக்கூடாதுல்ல?"